வடிகால் இல்லாத ஏரி: டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்காவின் ஓராண்டு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பாராபூ என்ற சிறு நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்கா அமைந்துள்ளது. இதன் பரப்பு 9,000 ஏக்கருக்கும் மேல். விஸ்கான்சினின் மாநிலப் பூங்காக்களில் இதுவே மிகப் பெரியது. பூங்காவின் நடுவே சுமார் 360 ஏக்கரில் ஓர் ஏரியும், அதைச் சூழ்ந்து 500 அடி உயரம் வரை எழும் செந்நிறப் பாறைக் குன்றுகளும் இருக்கின்றன. ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வருகிறார்கள். கூடாரம் அடிக்கவும் முகாம் வண்டிகளை நிறுத்தவும் 400க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. அவற்றில் ஒரு பகுதி ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களிலும் திறந்திருக்கும்.

இந்த ஏரிக்கு மதகும் இல்லை, கலங்கும் இல்லை. சுற்றியுள்ள சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து மழைநீரும் உருகிய பனிநீரும் வந்து சேர்கின்றன. சேர்ந்த நீர் இயற்கையாக ஆவியாகியோ நிலத்துக்குள் கசிந்தோதான் வெளியேற முடியும். நீர் போய்விடுகிறது, அதோடு வந்தவற்றில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. ஏரியின் பிறப்பு, அதன் நோய், அதற்குச் செய்யப்பட்ட சிகிச்சை, அங்கு தங்க வருவோர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஆகிய அனைத்துக்கும் இந்த அமைப்பே அடிப்படை.

மணல் பாறையான விதம்

ஏரியைச் சூழ்ந்த குன்றுகள் பாராபூ குவார்ட்சைட் என்ற பாறையால் ஆனவை. சுமார் 170 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகளும் ஆழமற்ற கடலும் இங்கே மணலைப் படிய வைத்தன. மேலே படிவுகள் குவியக் குவிய, அடியில் இருந்த மணல் இறுகி மணற்கல் ஆனது. பின்னர் நிலத்தின் ஆழத்தில் நிலவிய வெப்பமும் அழுத்தமும் அந்த மணற்கல்லைக் குவார்ட்சைட்டாக உருமாற்றின. அதே காலத்தில் புவியோட்டின் நெருக்கத்தால் பாறை அடுக்குகள் மடிந்து, நீண்ட தொட்டி போன்ற வடிவம் பெற்றன. டெவில்ஸ் லேக் அந்தத் தொட்டியின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. அதனால்தான் இங்குள்ள பாறை அடுக்குகள் வடக்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கின்றன.

மணற்கல்லை உடைத்தால் விரிசல் மணிகளின் இடையே ஓடும். குவார்ட்சைட்டில் மணிகள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டதால் விரிசல் மணிகளை ஊடுருவியே செல்லும். எஃகுக் கத்தியாலும் அதைக் கீற முடியாது. இரும்பு ஆக்சைடு சிறிதளவு கலந்திருப்பதால் அது இளஞ்சிவப்பாகவும் சில இடங்களில் கருஞ்சிவப்பாகவும் தெரிகிறது. நடைபாதை ஓரத்துப் பலகைக் கற்கள் சிலவற்றைக் குனிந்து பார்த்தால், விரற்கடை இடைவெளியில் வரிவரியாக மேடும் பள்ளமும் தென்படும். அவை ஆழமற்ற நீரின் அசைவு மணல் தரையில் வரைந்த அலைத் தடங்கள். மணல் கல்லாகி, கல் மடிந்து, மேலே இருந்தவை எல்லாம் அரிக்கப்பட்ட பிறகும் அவை அழியவில்லை. கையால் தடவினால் இன்றும் வரிகள் தட்டுப்படும்.

பனியாறு கட்டிய இரண்டு கரைகள்

சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியைக் கடல் சூழ்ந்தபோது பாராபூ குன்றுகள் தீவுகளாக நின்றன. கடல் மெல்ல அவற்றையும் மணலால் மூடியது. நெடுங்காலம் கழித்து அந்த மணற்கல் அரிக்கப்பட்டுக் குன்றுகள் மீண்டும் வெளிப்பட்டன. அவற்றை ஊடறுத்து ஓடிய ஒரு பழைய ஆறு ஆழமான பள்ளத்தாக்கை உருவாக்கியது. பனியாற்றுக் காலத்துக்கு முன் விஸ்கான்சின் ஆறு சென்ற வழி இதுவே என்பது நிலவியலாளர் பலரின் கருத்து.

கடைசிப் பனியுகத்தில் வட அமெரிக்காவின் பெரும்பகுதியை மூடிய பனிப்படலத்தின் ஒரு கிளை, சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கிலிருந்து இங்கு வந்தது. இதற்குக் கிரீன் பே கிளை என்று பெயர். குன்றுகளின் உயரம் அதன் போக்கைத் தடுத்ததால் பனி இரு புறமும் வளைந்தது. வடக்கே ஒரு நாக்கும் தென்கிழக்கே மற்றொரு நாக்கும் பள்ளத்தாக்குக்குள் நீண்டன. மேற்குக் குன்று பனிக்குள் மூழ்கவே இல்லை.

பனியாறு ஓரிடத்தில் முன்னேறாமல் நிற்பதாகத் தோன்றினாலும் அதன் உட்புறம் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே சுமந்து வந்த மண்ணையும் சரளையையும் பெருங்கற்களையும் உருகும் முனையில் கொட்டிக்கொண்டே இருக்கும். இப்படிக் குவியும் மேட்டை நிலவியலாளர்கள் மொரெய்ன் என்பார்கள். டெவில்ஸ் லேக்கின் வடக்கு முனையிலும் தென்கிழக்கிலும் அத்தகைய இரண்டு மொரெய்ன்கள் பள்ளத்தாக்கை அடைத்தன. இடையில் தேங்கிய நீரே ஏரி ஆயிற்று. இன்று அதன் அதிகபட்ச ஆழம் ஏறத்தாழ 14 மீட்டர். அதற்குக் கீழேயும் பனியாறு கொண்டுவந்த மணலும் சரளையும் மிகுந்த கனத்துக்கு நிரம்பியிருக்கின்றன. பழைய ஆற்றின் பாறைத் தரை அவற்றுக்கும் அடியில் புதைந்து கிடக்கிறது.

குன்றுகளின் அடிவாரத்தில் குவிந்துள்ள பாறைச் சரிவுகளும் அந்தப் பனியுகக் குளிரின் விளைவே. நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. பாறைப் பிளவில் புகுந்த நீர் உறைந்தும் உருகியும் மாறி மாறிப் பிளவை அகட்டும். கடைசியில் பாறைத் துண்டு பிரிந்து விழும். பனியாறு அருகில் நின்ற காலத்தில் இது வேகமாக நடந்தது. மேற்குக் கரையின் 'டம்பிள்டு ராக்ஸ்' பாதை இப்படி விழுந்த கற்களின் ஊடாகவே செல்கிறது. கிழக்குக் குன்றின் 'பேலன்ஸ்டு ராக்', 'டெவில்ஸ் டோர்வே' ஆகிய பாறை உருவங்கள், சுற்றியிருந்தவை பிளந்து விழுந்த பின் எஞ்சி நிற்பவை. குவார்ட்சைட் உறுதியானது என்பதால் பாறை ஏறுவோர் இந்தக் குன்றுகளை நாடி வருகிறார்கள். ஆனால் அதன் மேற்பரப்பு வழவழப்பானது. மழையில் நனைந்தால் படிகளும் பலகைக் கற்களும் வழுக்கும். கால் வைப்பதில் கவனம் வேண்டும்.

மண்மேடுகள், ரயில், பூங்கா

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த ஏரிக்கு வழிபாட்டு மதிப்பு இருந்தது. பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்கள் இதை இன்றும் புனித நீராகக் கருதுகிறார்கள். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி மக்கள் கரடி, பறவை போன்ற உருவங்களில் மண்மேடுகளை எழுப்பினார்கள். அவற்றில் சில பூங்காவுக்குள் பாதுகாக்கப்படுகின்றன. இவற்றின் மீது ஏறுவதும் கூடாரம் அடிப்பதும் கூடாது.

1873இல் ஏரிக்கரை வழியாக ரயில் பாதை போடப்பட்டது. அதன் பிறகு சிகாகோ போன்ற நகரங்களிலிருந்து கோடை விடுமுறைக்கு மக்கள் வரத் தொடங்கினார்கள். கரையோரம் விடுதிகளும் குடில்களும் பெருகின. மறுபக்கம் குவார்ட்சைட்டை வெட்டியெடுக்கும் கல் குவாரிகளும் இயங்கின. குன்றுகளைக் காக்க வேண்டும் என்ற குரல் வலுத்து, 1911இல் இது மாநிலப் பூங்கா ஆனது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக அமெரிக்க அரசு உருவாக்கிய 'சிவிலியன் கன்சர்வேஷன் கோர்' அமைப்பின் முகாம், 1935 முதல் 1941 வரை இங்கு இருந்தது. குன்றுகளின் மேல் ஏறும் கற்படிகளில் பல அந்த இளைஞர்கள் கையால் தூக்கி வைத்தவை. பிற்காலத்தில் பனியுகத் தடயங்களைக் காக்கும் தேசிய அறிவியல் காப்பகத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்றாகவும் இது சேர்க்கப்பட்டது. பனிப்படலத்தின் எல்லையைத் தொடர்ந்து விஸ்கான்சின் முழுவதும் செல்லும் 'ஐஸ் ஏஜ்' தேசிய நடைபாதையும் பூங்காவின் ஊடே போகிறது.

ஏரி இரண்டு முறை புரள்கிறது

நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் அதன் அடர்த்தி குறையும். குளிர் நாட்டு ஏரிகளின் ஆண்டு முழுவதையும் தீர்மானிப்பது இந்தப் பண்பே.

கோடையில் வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. சூடான இலேசான நீர் மேலேயும், குளிர்ந்த கனமான நீர் கீழேயும் தங்குகின்றன. இடையில் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. காற்று எவ்வளவு வீசினாலும் மேல்நீர் மட்டுமே கலங்கும்; அடிநீருக்குக் காற்றின் தொடர்பு அறுந்துவிடும். இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து அடிநீரின் அடர்த்தியை எட்டியதும் அடுக்குகள் கலைகின்றன. காற்று முழு ஏரியையும் புரட்டிக் கலக்குகிறது. குளிர்காலத்தில் 4 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலே நின்று உறைகிறது. பனிக்கட்டி மூடியபின் அடியில் 4 டிகிரியை ஒட்டிய நீர் தங்குவதால் மீன்கள் உயிர் பிழைக்கின்றன. வசந்தத்தில் பனி உருகி மேல்நீர் மீண்டும் 4 டிகிரியை நெருங்கும்போது ஏரி இரண்டாம் முறை புரள்கிறது.

இந்தச் சுழற்சியில்தான் டெவில்ஸ் லேக்கின் நோய் ஒளிந்திருந்தது. பழைய விடுதிகள், குடில்கள் ஆகியவற்றின் கழிவும், சுற்றுப்புற விவசாய நிலங்களின் வடிநீரும் பல பத்தாண்டுகளாகப் பாஸ்பரஸை ஏரிக்குள் சேர்த்தன. பாஸ்பரஸ் பயிருக்கு உரம்; ஏரியில் அது பாசிக்கு உரம். அந்த வரத்து குறைக்கப்பட்ட பிறகும் பாசி அடங்கவில்லை. அடித்தரைச் சேற்றில் பாஸ்பரஸ் இரும்போடு பிணைந்து கிடந்ததே இதற்குக் காரணம். கோடையில் அடிநீரின் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு வேதி மாற்றம் அடைந்து, பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸை நீரில் விட்டுவிடும். இலையுதிர்காலத்தில் ஏரி புரளும்போது அது எங்கும் பரவும். பிறகு மீண்டும் சேற்றில் படியும். ஆற்றோடு இணைந்த ஏரியாக இருந்திருந்தால் ஆண்டுதோறும் ஒரு பங்கு வெளியே போயிருக்கும். இங்கு அதற்கு வழியில்லை.

2002இல் அதற்கு ஒரு செயற்கை வழி அமைக்கப்பட்டது. ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான குழாய் ஏரியின் ஆழப் பகுதியில் இறக்கப்பட்டது. வெளிமுனை ஏரி மட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் சைபன் முறையில், பம்பு இல்லாமலே நீர் வெளியேறுகிறது. இதில் காலத் தேர்வுதான் நுட்பம். அடிநீரில் பாஸ்பரஸ் உச்சத்தில் இருப்பது, ஏரி புரள்வதற்குச் சற்று முந்தைய வாரங்களில். அப்போது மேல்நீரைத் தொடாமல் அடிநீரை மட்டும் இழுத்தால், குறைந்த நீரோடு நிறையப் பாஸ்பரஸ் போய்விடும். பல பத்தாண்டுகளில் சேர்ந்ததைச் சில ஆண்டுகளில் அகற்றிவிட முடியாது என்பதால், பொறுமையாகச் செய்ய வேண்டிய சிகிச்சையாகவே இது திட்டமிடப்பட்டது.

வசந்தமும் கோடையும்

பெரும்பாலான ஆண்டுகளில் மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பனி விலகுகிறது. ஏரி புரண்டு ஆக்சிஜன் எங்கும் பரவியிருக்கும் இந்தக் காலம் மீன்பிடிப்புக்கு நல்லது. பிரவுன் ட்ரவுட், வால்ஐ, நார்தர்ன் பைக் முதலிய மீன்கள் இங்கு உண்டு. உருகும் பனியால் நடைபாதைகள் சேறாக இருக்கும். பாதையின் நடுவே சேற்றிலேயே நடப்பது நல்லது. ஓரமாக ஒதுங்கி நடந்தால் பாதை அகன்று செடிகள் அழியும். மே மாதம் முதல் உண்ணிகளின் காலம். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி இப்பகுதியில் உள்ளதால், நடந்து திரும்பியதும் உடலையும் உடையையும் சோதிப்பது அவசியம்.

கோடையில் வடக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் உள்ள மணற்பரப்புகளில் கூட்டம் நிறைந்திருக்கும். பெட்ரோல் இயந்திரப் படகுகளுக்கு இங்கு அனுமதி இல்லை. துடுப்புப் படகும் மின்மோட்டார் படகும் மட்டுமே செல்லலாம். எண்ணெய்ப் படலமும் பேரலையும் இல்லாததால் நீந்துவோரும் முக்குளிப்போரும் இந்த ஏரியை விரும்புகிறார்கள்.

கரையோரம் நீந்துவோருக்கு இங்கு நன்கு தெரிந்த தொல்லை 'நீச்சல் அரிப்பு'. இதற்குக் காரணமான ஒட்டுண்ணி, வாத்து போன்ற நீர்ப்பறவைகளின் இரத்தக் குழாய்களில் வாழ்ந்து முட்டையிடுகிறது. முட்டைகள் எச்சத்தோடு நீரில் விழுந்து பொரிக்கின்றன. வெளிவரும் இளம் உயிரி நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. பிறகு கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்புழுக்களாக வெளிவந்து மீண்டும் பறவையைத் தேடுகிறது. வழியில் மனிதத் தோல் தட்டுப்பட்டால் அதற்குள் நுழைந்து, மேற்கொண்டு வளர முடியாமல் இறந்துவிடும். உடலின் ஒவ்வாமையே செந்தடிப்பாகவும் அரிப்பாகவும் தெரிகிறது. சில நாட்களில் அது தானே அடங்கும், பிறருக்குத் தொற்றாது. ஆழமற்ற நீரில் நெடுநேரம் நிற்காமல் இருப்பதும், கரையேறியவுடன் துண்டால் அழுத்தித் துடைப்பதும் இதைக் குறைக்கும். கற்களில் படியும் பாசியை நத்தைகள் மேய்கின்றன. பாசிக்கு உணவு பாஸ்பரஸ். எனவே ஏரியின் பாஸ்பரஸ் குறைவது நீந்துவோரின் தோலுக்கும் நல்லது. வாத்துகளுக்குத் தீனி போட்டுக் கரைக்கு அழைப்பது இந்தச் சங்கிலியை வலுப்படுத்தும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

வெயில் தாளாத நாட்களில், பூங்கா நிர்வாகத்தின் கீழ் உள்ள பார்ஃப்ரேஸ் க்ளென் என்ற குறுகிய மணற்கல் பள்ளத்தைப் பார்க்கப் பலர் செல்கிறார்கள். 1952இல் விஸ்கான்சினின் முதல் மாநில இயற்கைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ஆழத்தில் வெயில் படாததால் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். அதன் சுவர்களில் மணற்கல்லுக்கு நடுவே குவார்ட்சைட் உருளைக்கற்கள் பதிந்திருக்கின்றன. பண்டைய கடல், தீவுகளாக நின்ற குன்றுகளிலிருந்து உடைத்து உருட்டிய கற்கள் அவை.

இலையுதிர்காலம்

அக்டோபரில் குன்றுகளின் ஓக், மேப்பிள் மரங்கள் நிறம் மாறுகின்றன. பகல் குறுகியதும் இலைகளில் பச்சையம் உற்பத்தியாவது நிற்கிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தெரிகின்றன. வெயிலான பகலும் குளிர்ந்த இரவும் மாறி வந்தால் சில மரங்கள் சிவப்பு நிறமியையும் புதிதாக உண்டாக்குகின்றன. முகாம் இடங்கள் விரைவில் நிரம்பும் பருவம் இது. விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் 11 மாதங்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. வண்டிக்கு நாள் அனுமதிச்சீட்டோ ஆண்டு அனுமதிச்சீட்டோ தனியாக வாங்க வேண்டும்.

உறைபனியில் கூடாரம்

ஏரி உறைந்த பின் பூங்காவில் கூட்டம் வடிந்துவிடும். பனிச்சறுக்கு, பனிக்காலணி நடை, பனியில் துளையிட்டு மீன்பிடித்தல் ஆகியவை தொடங்கும். புதிதாக உறைந்த தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் ஒருவர் அதன் மீது நடக்கலாம் என்பது பொது விதி. காற்றுக் குமிழும் பனித்தூளும் கலந்த வெண்பனிக்கட்டி அந்த அளவுக்கு வலுவானதல்ல. எந்தப் பனிக்கட்டியும் முழுப் பாதுகாப்புத் தராது என்பதால் போகும் வழியில் அடிக்கடி துளையிட்டு அளப்பது வழக்கம். இரவில் ஏரியிலிருந்து பெரிய ஓசைகள் கேட்கும். வெப்பநிலை மாறும்போது பனிப்பாளம் சுருங்கியும் விரிந்தும் விரிசல் விடுவதால் எழும் ஒலி அது.

பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை இறங்கும் இரவுகள் இங்கு உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. காற்று வீசாத இரவில் அது குன்றுச் சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். படுத்திருப்பவரின் உடல் வெப்பத்தைத் தரை ஓயாமல் உறிஞ்சும். தூக்கப் பையின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கி, காற்றைப் பிடித்து வைக்கும் திறனை இழந்துவிடுவதால், பையைவிட அடியில் விரிக்கும் காப்புப் பாய் முக்கியம். பருத்தி உடை வியர்வையை உறிஞ்சிக் காயாமல் குளிரூட்டும். கம்பளியும் செயற்கை இழையும் ஏற்றவை. மூச்சின் ஈரம் கூடாரத் துணியில் உறைந்து மீண்டும் மேலே உதிராமல் இருக்கக் காற்றுவழியைத் திறந்தே வைக்க வேண்டும்.

அடுப்புக்கான எரிவாயுவிலும் கவனம் தேவை. பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்ய டிகிரியிலேயே வாயுவாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி வரை வாயுவாகும் என்பதால் குளிருக்கு அதுவே உதவும். எந்த அடுப்பையும் கூடாரத்துக்குள் எரிக்கக் கூடாது. மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். நீர் மேலிருந்து உறைவதால் மூடிப்பக்கம் திறந்தபடியே இருக்கும்.

தங்குபவரின் பொறுப்பு

வெளியூர் விறகு கொண்டுவருவதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற மரகத வண்டு, விறகுக் கட்டைகளில் ஒளிந்தே ஊர் ஊராகப் பயணித்தது. அதனால் பூங்காவிலிருந்து 10 மைலுக்குள் வெட்டிய விறகையோ சான்று பெற்ற விறகையோ மட்டுமே எரிக்கலாம். வேறு ஏரியில் பயன்படுத்திய படகை நன்கு கழுவிக் காயவைத்த பின்பே இங்கு இறக்க வேண்டும். அந்நிய நீர்க்களைகளும் உயிரிகளும் படகோடு வரும். பாத்திரம் கழுவிய நீரையும் சோப்பையும் ஏரிக்கருகே கொட்டக் கூடாது. மீன் கழிவு, செல்லநாய்களின் கழிவு ஆகியவற்றையும் அதற்குரிய இடத்தில் மட்டுமே போட வேண்டும்.

ஓர் ஆற்றங்கரையில் இவை நல்ல பழக்கங்கள். வடிகால் இல்லாத ஏரியில் இவை கட்டாயம். ஒரு கையளவு கழிவும் கரைந்து, படிந்து, அடுத்த கோடையில் மீண்டும் எழுந்து பாசியாகும்; அதை வெளியேற்ற நெடுங்குழாயும் பல ஆண்டுப் பொறுமையும் தேவைப்படும். எந்தப் பருவத்தில் டெவில்ஸ் லேக்குக்குப் போனாலும், கொண்டுசென்றதில் எஞ்சியதை எல்லாம் திரும்ப எடுத்துவருவதே அந்த ஏரிக்கு ஒருவர் செய்யக்கூடிய முதல் உதவி.